மார்ச்சில் வந்த நெல் டிசம்பர் கணக்கில் ஏறிய கதை

தரவுத்தளங்களில் தேதியும் நேரமும் பிசகிய அனுபவங்களை மூன்று உறுப்பினர்கள் இங்கே எழுதுகிறார்கள்.

அம்பாசமுத்திரம் உறுப்பினர் எழுதியது:

பிசான அறுவடை தொடங்கும் நேரத்தில், எங்கள் வட்டாரத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் கொள்முதல் கணக்குக்கான மென்பொருளை விஷுவல் பேசிக்கில் எழுதி, ஆக்சஸ் தரவுத்தளத்துடன் இணைத்துக் கொடுத்திருந்தேன். பிப்ரவரி 14 அன்று நிறுவினோம். அந்த மாதம் முடியும் வரை ஒரு பதிவுகூடப் பிசகவில்லை. மார்ச் நடுவில் ஆலை அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ஐந்தாம் தேதி நெல் போட்ட சம்சாரி வந்து நிற்கிறார். எடைச்சீட்டு அவர் கையில் இருக்கிறது, உங்கள் கணினியிலோ அந்த நாளே இல்லை" என்றார்.

போய்ப் பார்த்தால், அவருடைய நெல் மே 3ஆம் தேதியில் கிடந்தது. மார்ச் 1 ஜனவரி 3 ஆகவும், மார்ச் 2 பிப்ரவரி 3 ஆகவும் மாறி, இப்படியே போய் மார்ச் 12 டிசம்பர் 3 ஆகியிருந்தது. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்ததால் மார்ச் 3 மட்டும் தப்பித்தது.

திரையில் தட்டிய தேதியை அப்படியே எழுத்தாக எடுத்து, இருபுறமும் # குறியிட்டு, தரவுத்தளத்துக்கான கட்டளையான வினவலில் ஒட்டி அனுப்பியிருந்தேன். விண்டோஸின் இந்திய அமைப்பு நாளை முதலில் எழுதுகிறது. ஆக்சஸோ # குறிகளுக்குள் வரும் தேதியில் மாதம் முதலில் இருப்பதாகவே கொள்கிறது. 12க்கு மேற்பட்ட எண் வந்தால் அது மாதமாக இருக்க முடியாது என்று கண்டு, பிழை எதுவும் சொல்லாமல் தானே திருப்பிப் படித்துக்கொள்கிறது. அந்த உபகாரம்தான் என்னைக் கெடுத்தது: பிப்ரவரி 14க்குப் பின் வந்த நாள்கள் எல்லாம் சரியாகவே பதிவாயின. ஆண்டு முழுவதும் ஓடியிருந்தால் 132 நாள்களின் கணக்கு இடம் மாறியிருக்கும். என் வீட்டுக் கணினியில் அமெரிக்க அமைப்பு இருந்ததால் சோதனையிலும் இது அகப்படவில்லை.

மார்ச் தவிர வேறு எந்த மாதத்தின் 3ஆம் தேதியிலும் அந்த ஆலையில் உண்மையான பதிவு இருக்க வழியில்லை என்பதால் திருத்துவது எளிதாக இருந்தது. ஆனாலும் எடைச்சீட்டுக் கட்டுகளை வரிசை எண்படி வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். அதன்பின் தேதியை எழுத்தாக ஒட்டுவதை விட்டு, தேதி வகையிலேயே, வினவலில் ஒட்டாத தனி மதிப்பாக (அளபுருவாக), தரவுத்தளத்துடன் பேசும் இடைமென்பொருளான டிரைவருக்கு அனுப்புகிறேன்.

முக்கூடல் உறுப்பினர் எழுதியது:

என் அனுபவம் சிறியது. பீடி சுற்றும் பெண்களின் விவரப் பட்டியல் ஒன்றில், பிறந்த தேதி தெரியாத மூத்தவர்களுக்குப் பிஎச்பி மொழியில் எழுதிய பழைய மென்பொருள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 0000-00-00 என்று எழுதி வைத்திருந்தது. மென்பொருள் ஜாவா மொழிக்கு மாறிய முதல் நாளே, அப்படி ஒரு தேதியைக் காட்ட முடியாது என்று டிரைவர் பட்டியல் முழுவதையும் நிறுத்திவிட்டது. இணைப்பு முகவரியில் பூஜ்யத் தேதியை வெற்று மதிப்பாக மாற்றும் அமைப்பைச் சேர்த்தவுடன் ஓடியது. டிரைவரின் 8ஆம் பதிப்பில் அந்த அமைப்பின் எழுத்துக்கூட்டல் மாறியிருப்பதை அறியாமல் அரை நாள் போனது தனி வருத்தம். உங்களுடைய ஆக்சஸைப் போல வாயை மூடிக்கொண்டு இராமல் இது முதல் நாளே கத்தியதே, அதற்கு நன்றி சொல்கிறேன்.

பணகுடி உறுப்பினர் எழுதியது:

எங்களுக்கு வந்தது நேரச் சிக்கல். காற்றாலைக் கட்டுப்பாட்டுக் கருவி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் பதிவு அனுப்புகிறது. நாங்கள் அதை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நேர மண்டலம் குறிக்காத நேர வகையில் சேமித்தோம். பழுது பார்க்க மாலை 4:10க்கு நிறுத்திய காற்றாலை, அறிக்கையில் காலை 10:40க்கே நின்றிருந்தது. அதைவிடப் பெரிய கோளாறு, நள்ளிரவு முதல் 5:30 வரை உற்பத்தியான மின்சாரம் முழுவதும் முந்தைய நாளின் கணக்கில் சேர்ந்ததுதான். ஒரு நாளை 96 கால்மணித் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் இடத்தில், ஒவ்வொன்றும் 22 துண்டுகள் பின்தள்ளி நின்றது.

திருத்துகிறேன் என்று இந்திய நேரத்தைக் குறிப்பதாக நினைத்து நான் ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தைக் கொடுத்தேன். 10:40 என்பது 12:40 ஆனது. நாங்கள் வைத்திருந்த பதிப்பின் இயல்பு அமைப்பில் அந்த மூன்றெழுத்துக்குப் பொருள் இஸ்ரேல் நேரமாம்! பிறகு அந்த நெடுவரிசையை மண்டலம் அறிந்த நேர வகைக்கு மாற்றி, பழைய மதிப்புகள் உலகப் பொது நேரம் என்று வெளிப்படையாகச் சொல்லி, காட்டும் மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று முழுப் பெயரால் குறித்தோம். அன்று காற்றாலையை நிறுத்தியவர் தம் நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருந்த 4:10 என்ற நேரமே அறிக்கையிலும் வந்தது.