ஐஸ் குளியல் 25 நிமிடம் எடுத்தும் தொடை வலி குறையவில்லை, இப்போது பாதமும் மரத்துப் போகிறது. எங்கே தப்பு? (கெண்டைக்கால், தசைநார் போன்றவை இங்கே எழுதுபவர்களின் புனைபெயர்கள்.)

கெண்டைக்கால்:
வாரத்தில் இரண்டு நாள் கனமான ஸ்குவாட் (தோளில் பளு வைத்து உட்கார்ந்து எழுவது), ஞாயிறு 18 கி.மீ. ஓட்டம். மூன்றுக்கும் பிறகு ஐஸ் குளியல். செய்முறையை அப்படியே தருகிறேன்.

20 லிட்டர் பக்கெட்டால் ஏழு முறை டப்பில் ஊற்றுகிறேன், ஆக 140 லிட்டர். குழாய்த் தண்ணீர் 29 டிகிரி. 10 கிலோ ஐஸ், இரண்டு பெரிய பாளமாக. மிதக்கும் தெர்மாமீட்டர் 12 காட்டியதும் இடுப்பளவு நீரில் 25 நிமிடம். வெளியே வந்தபின் ஃப்ரீசரில் இருந்த ஜெல் பேக்கை இரண்டு முழங்காலிலும் வைத்து, நழுவாமல் இருக்க கிரேப் பேண்டேஜால் இறுக்கிச் சுற்றி 40 நிமிடம்.

பிரச்சினை மூன்று:
1. மறுநாள் தொடை வலி, குளிக்காத நாள் எப்படியோ அப்படியேதான்.
2. நான்கு மாதமாக ஸ்குவாட் எடை ஏறவில்லை.
3. பத்து நாளாக வலது பாதத்தின் மேல்பக்கம் மரத்த மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி. முதலில் அரை மணியில் போய்விடும். இப்போது சாயங்காலம் வரை நிற்கிறது.

தசைநார்:
மூன்றாவதை முதலில் பார்ப்போம், மற்ற இரண்டும் காத்திருக்கும்.

முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். உருண்டையாக ஒரு எலும்பு முனை தட்டும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. அங்கே அதற்கு மேல் தசை மெத்தை கிடையாது, தோலுக்கு அடியிலேயே கிடக்கிறது. பாதத்தின் மேல்பக்க உணர்ச்சி, பாதத்தை மேலே தூக்கும் வேலை இரண்டும் அந்த நரம்பின் பொறுப்பு. நீங்கள் குளிரையும் இறுக்கத்தையும் சேர்த்து 40 நிமிடம் அதன் மேல் வைத்திருக்கிறீர்கள். அறிகுறியும் சரியாக அந்த இடத்தில்தான் வருகிறது.

இன்னொன்று. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போகாது. ஜெல் பேக் அப்படியல்ல. ஃப்ரீசர் −18 என்றால் அதுவும் −18ல்தான் வெளியே வருகிறது, தொட்டால் மெத்தென்று இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. வெறும் தோலில் வைத்தால் தோலே உறைந்து புண்ணாகலாம்.

இப்போது செய்ய வேண்டியது: ஜெல் பேக்கை நிறுத்துங்கள். வெறுங்காலோடு குதிகாலில் மட்டும் ஊன்றி பத்து அடி நடந்து பாருங்கள், இரண்டு பாதத்தின் முன்பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று. முடிவை இங்கே எழுதுங்கள்.

பின்னாளில் ஜெல் பேக் தேவைப்பட்டால் ஈரத் துணியில் சுற்றி, தொடையின் சதைப்பகுதியில், 10 முதல் 15 நிமிடம். கட்ட வேண்டாம், கையால் பிடித்தால் போதும். முழங்கையின் உள்பக்கமும் இதே கதைதான், அங்கேயும் வைக்காதீர்கள்.

பனிவாளி:
முதல் பிரச்சினைக்கு நான் வருகிறேன். உங்கள் டப் 12 டிகிரியில் இல்லவே இல்லை.

கணக்கு எளிது. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு இழுக்கும் வெப்பம், 80 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி இறக்கப் போதும். உருகிய நீரும் 0லிருந்து இலக்கு வரை ஏறும்போது இன்னும் கொஞ்சம் வெப்பத்தை இழுக்கும். அதனால்:

ஐஸ் (கிலோ) = லிட்டர் × இறக்க வேண்டிய டிகிரி ÷ (80 + இலக்கு டிகிரி)

இலக்கு 13 என்று வைத்துக்கொள்வோம். 29லிருந்து 13க்கு: 140 × 16 ÷ 93 = 24 கிலோ. உங்கள் 10 கிலோ முழுவதும் உருகினாலும் டப் கிட்டத்தட்ட 22 டிகிரியில்தான் நிற்கும். 12 காட்டியது ஏன்? தெர்மாமீட்டர் மிதந்தது ஐஸுக்குப் பக்கத்தில், அதுவும் கலக்காத தண்ணீரில். 22 டிகிரியில் 25 நிமிடம் உட்கார்வது ஐஸ் குளியல் கணக்கில் சேராது.

24 கிலோ சுமப்பதைவிடத் தண்ணீரைக் குறைப்பது புத்திசாலித்தனம். காலை நீட்டி உட்கார்ந்தால் தொடை மூழ்க 90 லிட்டர் போதுமா பாருங்கள். 90 × 16 ÷ 93 = 15.5 கிலோ. பாளத்தைத் துணிப்பையில் போட்டு உடைத்துவிடுங்கள், முழுப் பாளம் உருக நேரம் பிடிக்கும். பக்கெட் மக்கால் அடியிலிருந்து மேலாகக் கலக்கி, இடுப்பாழத்தில் முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரில் அளவிடுங்கள். அதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம்: டம்ளர் நிறைய பொடித்த ஐஸ், சந்து நிரம்பும் அளவு தண்ணீர், கலக்கி இரண்டு நிமிடம் கழித்து 0 காட்ட வேண்டும்.

உடல் சூட்டில் தண்ணீர் மெல்ல ஏறும். 2 கிலோ ஐஸைத் தனியே வைத்திருங்கள், 90 லிட்டரை ஏறக்குறைய 2 டிகிரி இறக்கும். உள்ளே இருக்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை காலை அசைக்கவும். அசையாமல் இருந்தால் தோலை ஒட்டி வெதுவெதுப்பான நீர்ப்படலம் ஒன்று நின்றுவிடும், கம்பளி மாதிரி.

உப்புமூட்டை:
ப்ரோ, இரண்டு பாக்கெட் உப்பு போட்டா குளிர் நல்லா இறங்கும்னு சொல்றாங்களே?

பனிவாளி:
90 லிட்டரில் இரண்டு பாக்கெட் ஒன்றும் செய்யாது. ஐஸ் பையில் போட்டாலோ வினை. ஐஸும் உப்பும் சரியாகச் சேர்ந்தால் −21 வரை இறங்கும். தோல் கருகும். வேண்டாம்.

பளுமேடை:
இரண்டாவது கேள்விக்கு: உங்கள் எடை ஏறாததற்கு சாப்பாடு, தூக்கம், பயிற்சித் திட்டம் எல்லாமே காரணமாகலாம். 22 டிகிரித் தண்ணீர்மேல் முழுப் பழியும் போட முடியாது. ஆனால் இனி டப் உண்மையிலேயே குளிரப்போகிறது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஸ்குவாட் நாளில் இறங்காதீர்கள்.

2015ல் ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி என்ற உடலியல் ஆய்விதழில் ஒரு ஆய்வு வந்தது. 12 வாரம் கால் பயிற்சி. ஒரு குழு ஒவ்வொரு முறையும் முடித்ததும் சுமார் 10 டிகிரி நீரில் 10 நிமிடம். இன்னொரு குழு மெதுவாக சைக்கிள் மிதித்தது. தசை அளவிலும் பலத்திலும் முன்னேற்றம் அதிகம் கிடைத்தது சைக்கிள் குழுவுக்கு. பளு தூக்கியபின் தசைக்குள் நடக்கும் சலசலப்புதான் அதை வளரச் சொல்லும் சமிக்ஞை. குளிர் அந்தக் குரலைத் தாழ்த்துகிறது.

வலி குறைவது வேறு விஷயம், அது உண்மை. 2012ல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பு 17 சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சும்மா ஓய்வெடுப்பதைவிட நீரில் இறங்கியவர்களுக்கு அடுத்த நான்கு நாளும் வலி குறைவு என்றது. ஆகவே எதற்காக இறங்குகிறோம் என்பதுதான் கேள்வி. நாளை மறுபடி ஓட வேண்டும், போட்டி இருக்கிறது என்றால் குளியல் உதவும். தசை வளர வேண்டும் என்றால் அது எதிர்வேலை. உங்களுக்கு ஞாயிறு ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் போதும் என்பது என் கருத்து.

குளியல் முடித்து வெளியே வந்த உடனே குதிக்கவோ வேக ஓட்டம் ஓடவோ போகாதீர்கள். குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும், பலமும் குறைவு.

கெண்டைக்கால்:
நன்றி. அப்படியானால் 13 டிகிரியில் 25 நிமிடமா? 5 டிகிரிக்கு இறக்கினால் நேரத்தைக் குறைக்கலாமா?

தசைநார்:
11 முதல் 15 டிகிரி, 10 முதல் 15 நிமிடம். 25 தேவையில்லை. 5 டிகிரியில் கூடுதல் பலன் இல்லை, ஆபத்துதான் கூடும்.

முதல் வாரம் 15 டிகிரியில் 5 நிமிடம் தொடங்குங்கள். நீங்கள் இதுவரை இருந்தது 22ல், அந்தப் பழக்கத்தை நம்பி 13க்குள் தொப்பென்று உட்காராதீர்கள். முதல் அரை நிமிடத்தில் மூச்சு தானாக வாரி இழுக்கும், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். பாதம், முழங்கால், தொடை என்று படிப்படியாக இறங்கி, வெளிமூச்சை நீளமாக விடுங்கள். பேச முடிகிற அளவுக்கு மூச்சு அடங்கியபின்தான் கடிகாரத்தை ஓட விடுவது. தலையை முக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மின்மோட்டார், நீட்டு வயர் எதுவும் டப்புக்கு அருகில் கூடாது.

எழும்போது சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். டப் விளிம்பில் ஒரு நிமிடம் உட்காருங்கள். துடைத்து, உடை மாற்றி, பத்து நிமிடம் நடந்தபின் வெந்நீர். வெளியே வந்த பிறகும் தசையின் உள்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், நடுக்கம் அப்போது வந்தால் திகைக்க வேண்டாம்.

தோல் சமமாகச் சிவப்பது இயல்பு. சூடேறும்போது திட்டுத் திட்டாகத் தடித்து அரித்தால் அது குளிர் ஒவ்வாமை, அடுத்த முறை இறங்காதீர்கள். குளிரில் விரல் வெள்ளையாக வெளிறுபவர்கள், இதய நோய் உள்ளவர்கள், நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத வலி, வீக்கம், கூடவே கறுத்த சிறுநீர் என்றால் ஐஸை மறந்துவிட்டு நேராக மருத்துவமனை. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது.

குதிகால் நடை என்ன ஆயிற்று?

கெண்டைக்கால்:
நேற்றே செய்தேன், சொல்ல மறந்துவிட்டேன். இடது கால் சரி. வலது பாதத்தின் முன்பக்கம் ஆறாவது ஏழாவது அடியில் தாழ்கிறது. மடக்கித் தூக்கினாலும் நிற்கவில்லை.

டப்பையும் சோதித்தேன், இறங்காமல். 10 கிலோ ஐஸை உடைத்துப் போட்டுக் கலக்கியதும் 21.5. கலக்கும் முன் மேலே 13 காட்டியது.

தசைநார்:
டப்பை விடுங்கள். பாதம் தாழ்கிறது என்றால் உணர்ச்சி மட்டுமல்ல, தசையை இயக்கும் பகுதியும் பாதிக்கப்பட்டிருக்கிறது. நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரை இன்றோ நாளையோ பாருங்கள். "முழங்காலில் ஜெல் பேக், இறுக்கமான கட்டு, 40 நிமிடம், வாரம் மூன்று முறை, அறிகுறி பத்து நாள்" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். அவர் பார்க்கும் வரை கால்மேல் கால் போட்டு உட்காராதீர்கள், குத்துக்காலிட்டும் உட்காராதீர்கள், இரண்டிலும் அதே நரம்புதான் நசுங்கும். முழங்காலுக்குக் கீழே இறுக்கும் சாக்ஸும் வேண்டாம். ஓட்டமும் அதுவரை நிற்கட்டும், தாழ்ந்த பாதம் தரையில் தட்டி விழ வைக்கும்.