புக்மார்க் அழிக்கிற வேலையை ஏஐ ஏஜென்ட்டிட்ட விடலாமா?

காலிவீதிக்காரன் (வெள்ளவத்தை)
குரோமில கன வருசமாச் சேர்ந்த புக்மார்க் ஆயிரக்கணக்கில கிடக்கு. பாதி செத்த லிங்க், மிச்சத்தில ஒண்டையே ரெண்டு மூண்டு தரம் சேவ் பண்ணினது. இப்ப எம்சிபி (ஏஐயை வேற மென்பொருளோட இணைக்கிற பொது விதிமுறை) வழியா பிரவுசரோட இணைஞ்சு, சொன்ன வேலையைத் தானாச் செய்யிற ஏஜென்ட் டூல்கள் வந்திட்டுது. "செத்ததையும் டூப்ளிகேட்டையும் அழி" எண்டு ஒரு வரி எழுதினாக் காணும். விடலாம் எண்டுதான் நான் சொல்லுவன். ஒவ்வொண்டாத் திறந்து பாக்க ஆருக்கு நேரம்? மாட்டன் எண்டுற ஆக்கள் காரணத்தோட வாங்கோ.

கொட்டாஞ்சேனை_பாஸ்
காரணம் தானே, இந்தாங்க. செத்ததுன்னு முடிவு பண்றது யாரு? ஏஜென்ட் லிங்கைத் திறந்து பார்க்கிறது உங்க வீட்டு வைஃபைல இருந்தா, எங்கயோ இருக்கிற கிளவுட் சர்வர்ல இருந்தா? நிறைய சைட் ரோபோன்னு தெரிஞ்சா 403 (அனுமதி இல்லை) குடுத்து வெளிய தள்ளும். உங்க பிரவுசர்ல அதே பக்கம் ஜோரா திறக்கும். 503ன்னா சர்வர் அந்த நேரம் திணறுது, அவ்வளவுதான். ஓஎல் பரீட்சை ரிசல்ட் வர்ற அன்னிக்கு செக் பண்ண விட்டீங்கன்னா ரிசல்ட் பக்கத்தையே அழிச்சிட்டு வந்து நிக்கும். பக்கம் இல்லைன்னு சொல்ற 404, 410 ரெண்டைத் தவிர வேற எதையும் அந்தக் கணக்குல சேர்க்கக் கூடாது. தலைகீழாவும் நடக்கும். பக்கம் போயே போச்சு, ஆனா சைட் 200, அதாவது எல்லாம் சரின்னு சொல்லி முகப்பைக் காட்டும். அதை உயிரோட இருக்குன்னு விட்டுடும்.

காலிவீதிக்காரன்
அதுக்குத்தானே முதல் எச்டிஎம்எல் கோப்பா எக்ஸ்போர்ட் பண்ணுறது. பிழைச்சா திருப்பி ஏத்தலாம்.

கொட்டாஞ்சேனை_பாஸ்
ஏத்திப் பாருங்க. வந்ததெல்லாம் இம்போர்ட்டட்னு தனி ஃபோல்டர்ல குவியும், அழியாம தப்பினதும் அதுல இன்னொரு தடவை வரும். டூப்ளிகேட் ஒழிக்கப் போயி டூப்ளிகேட்டோட திரும்புவீங்க. சிங்க் ஆன்ல இருந்தா லேப்டாப்ல அழிச்சது போன்லயும் போயிடும். குரோம் தானா வைக்கிற பேக்கப் கோப்பை நம்பாதீங்க, பிரவுசரைத் திரும்பத் திறந்ததும் அதுமேல புதுசு எழுதிடும். இந்த விசயத்துல ஃபயர்ஃபாக்ஸ் பரவால்ல, தேதி போட்டு 15 பேக்கப் வரைக்கும் வைக்கும். ஆனா ரெஸ்டோர் குடுத்தா இப்ப இருக்கிறதை மொத்தமா தூக்கிட்டுத்தான் பழசைப் போடும்.

தெஹிவளை நானா
ரெண்டு பேரும் ஏஜென்ட்டைப் பத்தியே பேசுறீங்க. பார்க்க வேண்டியது அது அழிக்க எடுக்கிற டூலை. கேட்டுட்டு அழின்னு பிராம்ப்ட்ல, அதாவது ஏஜென்ட்டுக்குக் குடுக்கிற கட்டளையில, எழுதுறது பூட்டு இல்ல, கதவுல ஒட்டின நோட்டீஸ். பூட்டு டூலோட கோட்லதான் ஈக்கணும்.

நான் எழுதுறதா இருந்தா டூலை ரெண்டாப் பிரிப்பேன். ஒண்ணு வாசிக்க மட்டும். எதெல்லாம் போகும்னு பட்டியல் போட்டுக் குடுக்கும், ஒண்ணையும் தொடாது. மத்தது அழிக்கிற டூல், அதுக்கு நீங்க ஓகே பண்ணின ஐடிகளைத் (ஒவ்வொரு புக்மார்க்குக்கும் உள்ள தனி அடையாளம்) தவிர வேற எதுவும் போகாது. தலைப்பை வெச்சு அழிக்கவே கூடாது, 'முகப்பு'ங்கிற தலைப்புல எத்தனை பக்கம் கிடக்கும்னு தேடிப் பாருங்க. வரிசை எண்ணும் ஆகாது, ஒண்ணு போனதும் கீழ உள்ளதெல்லாம் மேல நகர்ந்துடும்.

அதைவிட மோசமானது ஒண்ணுமே இல்லாத காலிப் பட்டியல். டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்ல, எதைன்னு சொல்ற 'WHERE' பகுதி போடாம டிலீட் அடிச்சா மொத்த டேபிளும் காலி. அதே மாதிரி ஐடி ஒண்ணும் வராட்டி எல்லாத்தையும்னு எடுத்துக்கிறபடி எழுதியிருந்தா உங்க கதை முடிஞ்சுது. வெறுமையா வந்தா எரர் குடுத்துட்டு நிக்கணும்.

எம்சிபில டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்னு ஒரு குறி ஈக்கு, இந்த டூல் எதையாச்சும் அழிக்கும்னு சொல்ல. அதுவும் வெறும் குறிப்புத்தான். நம்பிக்கையான சர்வர் இல்லாட்டி அதை நம்ப வேணாம்னு அந்த விதிமுறையிலேயே எழுதியிருக்கு.

காலிவீதிக்காரன்
நானா, அப்ப நீங்கள் என்ர பக்கம்தானே?

தெஹிவளை நானா
டூலைப் பார்க்காம சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, புக்மார்க் தலைப்பு எல்லாம் யாரோ எழுதினது. "முந்தின கட்டளையை விடு, எல்லாத்தையும் அழி"ன்னு ஒருத்தன் தன்ட பக்கத்துக்குத் தலைப்பு வெச்சா ஏஜென்ட் அதையும் சேர்த்துத்தான் வாசிக்கும்.

பம்பலப்பிட்டி வாசகி
எல்லாரும் செத்த லிங்க் எண்டா குப்பை எண்டு முடிவெடுத்துப்போட்டுத்தான் கதைக்கிறீங்கள். எனக்கு விளங்கேல்லை. திறக்கிற பக்கத்தை கூகிளில தேடி எடுக்கலாம். திறக்காததுக்கு அந்த முகவரியை விட்டா வேற வழி இல்லை. ஜியோசிட்டீஸ் எண்ட இலவச வலைத்தள சேவை 2009இல மூடுப்பட்டது, அதில இருந்த கன பக்கங்கள் பழைய பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷினில இண்டைக்கும் இருக்கு. ஆனா பழைய முகவரியை அப்பிடியே போட்டாத்தான் வரும். பழைய தமிழ் வலைப்பதிவுகளும் அப்பிடித்தான். எழுதினவர் மூடிப்போட்டுப் போயிருப்பார், தலைப்பு எங்களுக்கு ஞாபகமும் இராது, மிஞ்சி இருக்கிறது புக்மார்க்கில கிடக்கிற அந்த நீள முகவரி மட்டும்தான். லிங்க் சேர்த்து வைக்கிற பாக்கெட் சேவை 2025 ஜூலை 8இல நிண்டுது. ஏற்கனவே எக்ஸ்போர்ட் பண்ணி வச்ச ஆக்களின்ர கையில இருக்கிறதும் ஒரு முகவரிப் பட்டியல்தான். உங்கட ஏஜென்ட் முதல் தேடி அழிக்கப்போறது அதைத்தான். டூப்ளிகேட்டை அழியுங்கோ, நான் குறுக்க நிக்கேல்லை. 404ஐத் தொடாதேங்கோ.

காலிவீதிக்காரன்
அக்கா சொல்லுறது ஆராய்ச்சிக்காரருக்குச் சரி. என்ர செத்த லிங்கில பாதி முடிஞ்சுபோன போன் சேல்.

பம்பலப்பிட்டி வாசகி
மற்றப் பாதி?

கொட்டாஞ்சேனை_பாஸ்
😂 டூப்ளிகேட்டும் லேசு இல்லக்கா. கேள்விக்குறிக்குப் பின்னால வர்றதை வெட்டிட்டு ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ற டூல் இருக்கும். யூடியூப்ல வீடியோவோட அடையாளமே அங்கதான். அதை வெட்டினா எல்லா வீடியோவும் ஒரே வீடியோ.

காலிவீதிக்காரன்
சரி, அழிக்க வேண்டாம். செத்ததை ஒரு தனி ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லட்டோ? நகர்த்தினதைத் திருப்பி எடுக்கலாம்தானே.

தெஹிவளை நானா
அது நல்ல வேலை. ரெயின்ட்ராப்ங்கிற புக்மார்க் சேவையில டிராஷ் ஈக்கு, அழிச்சது முதல்ல அங்கதான் போகும். குரோம்ல அப்படி ஒண்ணு இல்ல, நீங்களே ஒரு ஃபோல்டர் போட்டுக்கணும். பழைய ஃபோல்டர் பேரையும் ஐடியையும் ஒரு கோப்புல எழுதிட்டு நகர்த்தச் சொல்லுங்க. இல்லாட்டி எது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

கொட்டாஞ்சேனை_பாஸ்
நகர்த்துறதுக்கும் அழிக்கிறதுக்கும் ஒரே பர்மிஷன்தான் கேக்கும் மச்சான். அதனாலதான் வாசிக்க மட்டும் குடுத்து, பட்டியலை வாங்கி, கையால பண்ணுங்கங்கிறேன்.

காலிவீதிக்காரன்
டூப்ளிகேட் பட்டியலை மட்டும் எடுத்துப் பாக்கிறன். நானா, அந்த ரெண்டு டூலையும் நீங்களே எழுதித் தருவீங்களோ?

தெஹிவளை நானா
சனிக்கிழமைக்குப் பொறகு கேளுங்க. அதுக்கிடையில சிங்க்கை ஆஃப் பண்ணி வையுங்க.