1978 பத்மினி: துருவை வீட்டிலேயே வெட்டி வெல்டு செய்யலாமா, டிங்கரிடம் விடணுமா?

பத்மினி78 – ஞாயிறு, காலை 8.40

அப்பா வாங்கிய 1978 பிரீமியர் பத்மினி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் இரண்டு நாள் இருக்கை மூழ்க நின்ற வண்டி. என்ஜினை அப்போதே பிரித்துச் சரி செய்தோம். பாடியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இப்போது டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் சில் முழுக்கப் பெயிண்ட் கொப்புளம். பின்சக்கர வளைவின் ஓரம் அரித்துவிட்டது. டிக்கி தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை.

மூன்று வருடம் முன்பு ஒரு பட்டறையில் இதே இடங்களைச் சரி செய்து பெயிண்டும் அடித்து வாங்கினேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சக்கர வளைவில் பள்ளத்தை நிரப்பப் பூசியிருந்த பட்டிப் பசை கட்டியாகப் பெயர்ந்து கையோடு வந்தது. விரல் தடிமன். அதற்குப் பின்னால் தகரமே இல்லை, கசக்கித் திணித்த செய்தித்தாள் இருந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

அதனால் இந்தத் தடவை நானே செய்யப்போகிறேன். கிரைண்டர் இருக்கிறது, மிக் வெல்டிங் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெரால்டு68 – ஞாயிறு, காலை 9.25

தாராளமாகச் செய்யுங்கள். என் 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வீட்டு போர்டிகோவில் வைத்தே முடித்தேன். நம்ம ஊரிலேயே, வண்டலூரில் செய்த கார். ஏழு வருடமாகிறது, வெல்டு செய்த இடம் எதுவும் கொப்பளிக்கவில்லை.

முதலில் மேலே தெரியும் கொப்புளத்தை நம்பாதீர்கள். உள்ளங்கை அளவு தெரிந்தால் உள்ளே அதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் நல்ல தகரம், 'சொதக்' என்று இறங்கினால் அது போய்விட்டது. நல்ல தகரம் வரும்வரை வெட்டி, அட்டையில் அளவெடுத்து, 20 கேஜ் ஷீட்டில் (ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமன்) அதே வடிவத்தில் துண்டு வெட்டுங்கள். ஓரத்தோடு ஓரம் பொருந்த வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் நடுவில் தண்ணீர் தங்கி அங்கேயே மறுபடி துரு ஆரம்பிக்கும்.

வெல்டை ஒரே கோடாக இழுக்காதீர்கள். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்து, ஆற விட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் தகரம் அப்பளம் மாதிரி நெளியும். அந்தப் பொறுமை பட்டறையில் யாருக்கும் கிடையாது. சொந்த வண்டி என்றால்தான் வரும்.

புதுப்பேட்டை டிங்கர் – ஞாயிறு, மதியம் 1.10

31 வருஷமாக டிங்கரிங் வேலை பார்க்கிறேன். ஹெரால்டு சார் சொன்ன முறை சரி. ஆனால் அவர் வண்டியை வைத்து இந்தத் தம்பிக்கு யோசனை சொல்வது சரியில்லை.

ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம் உண்டு. பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துத் தகரத்தைக் கழற்றி வைத்தாலும் வண்டி நிற்கும். பத்மினிக்கு அந்த சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். சில்லும் தரையும் சேர்ந்துதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு அந்தச் சில்லை வெட்டினால் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத் தகரம் வைத்து வெல்டு செய்தால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். அப்புறம் கதவு சாத்தாது, சாத்தினால் திறக்காது. அப்படி வீட்டில் வெட்டிவிட்டு டோ செய்து என்னிடம் கொண்டு வந்த வண்டிகள் உண்டு. அதை நிமிர்த்துவது முதல் வேலையைவிடக் கஷ்டம்.

டிக்கி ஓட்டை, சக்கர வளைவு இரண்டையும் நீங்களே செய்யுங்கள் தம்பி. சில்லைத் தொடாதீர்கள்.

ஹெரால்டு68 – ஞாயிறு, மதியம் 2.05

சேஸிஸ் விஷயம் சரி, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்காக 'தொடாதே' என்பதை ஏற்க மாட்டேன். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே கதவு நிலையின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு செய்து, கதவு இடைவெளியை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு அடி மட்டும் வெட்டினால் தொய்யாது. இது ரகசியமில்லை. கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

நீங்கள் பொறுப்பாகச் செய்வீர்கள், சந்தேகமில்லை. ஆனால் செய்தித்தாள் திணித்ததும் ஒரு டிங்கர்தானே? சில்லுக்கு உள்ளே என்ன வைத்தார்கள் என்பது பெயிண்ட் அடித்த பிறகு உரிமையாளருக்கு எப்படித் தெரியும்?

புதுப்பேட்டை டிங்கர் – ஞாயிறு, மாலை 6.30

செய்தித்தாள் வைத்து பட்டி அப்பினவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். என் தொழிலின் பேரைக் கெடுத்தவன் அவன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொண்ணு கல்யாணத்துக்கு வண்டி பளபளன்னு நிற்கணும், பத்து நாளில் கொடு, வெட்டாமல் முடி என்று கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெட்டி வேலை செய்தால் ஒரு பக்கத்துக்கே ஒரு வாரம் ஆகும் என்றால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பட்டிதான் கிடைக்கும்.

உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியணுமா, பட்டி போடுவதற்கு முன் வந்து பாருங்கள், போட்டோ எடுங்கள். வரவிடாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். பட்டி போட்ட பிறகும் ஒரு வழி உண்டு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் கனமான பட்டி இருக்கிறது, இல்லாவிட்டால் தகரமே இல்லை.

குழாய் வைத்துப் பிடிப்பது சரியான முறைதான் சார். முதல் முறையாக வெல்டிங் துப்பாக்கி பிடிக்கிறவர் அதை எங்கே வைப்பார் என்பதுதான் என் பயம். மேலே வெல்டு அழகாகத் தெரியும், அடியில் உருகிச் சேர்ந்திருக்காது. டிக்கியில் அந்தத் தப்பு நடந்தால் தண்ணீர் ஒழுகும். சில்லில் நடந்தால் அதில் உட்கார்ந்து குடும்பம் பயணம் போகும்.

திருவான்மியூர் ஈரக்காற்று – ஞாயிறு, இரவு 9.15

பெயிண்ட் கோட்டிங் துறையில் வேலை செய்கிறேன். யார் வெல்டு செய்வது என்று இரண்டு பேரும் பேசுகிறீர்கள். சென்னையில் அந்த வெல்டைத் தின்னப்போவது உப்புக்காற்றும் ஈரமும். அதை யாரும் பேசவில்லை.

சில் ஒரு மூடிய பெட்டி. வெளியே எத்தனை கோட் அடித்தாலும் உள்பக்கம் வெறும் இரும்பு, அதுவும் வெல்டிங் சூட்டில் பழைய பூச்சு எரிந்துபோன இரும்பு. வேலை முடிந்ததும் நீளமான குழாய் முனையால் உள்ளே மெழுகுப் பூச்சு பீய்ச்ச வேண்டும். அடியிலிருக்கும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைக்க வேண்டும். பழைய பட்டறை அந்த ஓட்டைகளையும் பட்டியால் அடைத்திருக்கும், பாருங்கள்.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். மேல்துரு என்றால் அதைக் கெட்டியான ஒரு படலமாக மாற்றும். செதில் செதிலாக உரியும் துருவின் மேல் தடவினால் மேலே மட்டும் கறுக்கும், கீழே வேலை நடந்துகொண்டே இருக்கும். போன தகரத்தை அது திருப்பித் தராது.

பட்டியை வெறும் இரும்பின் மேல் போடாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும். முதலில் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் மெல்லிசாகப் பட்டி. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். இரவில் தகரத்தைத் தொட்டால் கை நனையும், கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல் பிரைமர் பிடிக்காது. மாசி, பங்குனி நல்லது. கிரைண்டர் போட்ட அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். எங்கள் தெருவில் வெறும் இரும்பு மறுநாள் காலைக்குள் மஞ்சளாகிவிடும்.

ஹெரால்டு68 – திங்கள், காலை 7.50

மெழுகுப் பூச்சு பற்றிச் சொன்னதற்கு நன்றி. என் வண்டியில் நான் விட்டது அதைத்தான், இந்த வாரமே செய்கிறேன்.

ஒரு விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்வேன். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடம் தாண்டி அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. பத்மினி78-இன் வண்டி 2028-ல் அந்த வயதைத் தாண்டும். இன்று கை வைக்கிறவர் சில்லின் மடிப்பு, கோடு எல்லாவற்றையும் அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் அதைச் செய்யக்கூடியவர் உரிமையாளர் ஒருவர்தான் என்பது என் நம்பிக்கை.

புதுப்பேட்டை டிங்கர் – திங்கள், மதியம் 12.40

மடிப்பு எடுக்க மெஷின் வேண்டும் சார், ஆசை மட்டும் போதாது. இந்தப் பக்கம் சில் கெட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் பார்த்து அச்சு எடுத்து மடிப்போம். அந்தப் பக்கமும் போயிருந்தால் வேறு பத்மினியைத் தேடிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

பத்மினி78 – திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. இன்று ஆபீஸ் போகாமல் வண்டியோடு உட்கார்ந்தேன்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சில்லின் முன்பக்கத்திலிருந்து குத்த ஆரம்பித்தேன். முதல் ஒரு முழம் நன்றாகக் கேட்டது. டிரைவர் கதவின் நடுவுக்கு நேராக வந்ததும் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் ஈரமான பழுப்பு மண்ணும் கூடவே வந்தது, சாயம் போன வெள்ளத்து மண். இத்தனை வருடமாக அது உள்ளேயே இருந்திருக்கிறது. வடிகால் ஓட்டைகள் பட்டியால் அடைபட்டிருந்தன, நீங்கள் சொன்னபடியேதான் ஈரக்காற்று மேடம்.

அப்புறம் முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். டிரைவர் கதவின் பின் ஓரத்தில் மேலே இருந்த இடைவெளி கண்ணெதிரே குறைந்தது. இறக்கியதும் பழையபடி வந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கக் கை வரவில்லை.

ஹெரால்டு சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். டிக்கியையும் சக்கர வளைவையும் நீங்கள் சொன்ன முறையிலேயே நான் செய்கிறேன். வெல்டிங் பழக 20 கேஜ் ஷீட் நாளைக்கு வாங்குகிறேன். சில் மட்டும் டிங்கர் அண்ணனிடம். ஒரே நிபந்தனை, பட்டி போடும் முன் நானும் அப்பாவும் வந்து பார்ப்போம்.

ஹெரால்டு68 – திங்கள், இரவு 10.45

கோபமெல்லாம் இல்லை. ஆனால் நீங்கள் டிக்கியை முடிக்கும்போது சில்லையும் நாமே செய்திருக்கலாம் என்று தோன்றும், பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முதல் பத்து வெல்டைச் சேர்ந்து போடலாம். பாட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், தீயணைப்பான், இரண்டும் இருக்கட்டும். டிக்கியில் வெல்டு செய்வதற்கு முன் பெட்ரோல் டாங்கை இறக்கி வீட்டுக்கு வெளியே வைத்தே ஆக வேண்டும்.

புதுப்பேட்டை டிங்கர் – செவ்வாய், காலை 6.15

அப்பாவைக் கட்டாயம் கூட்டி வாங்க தம்பி. வருவதற்கு முன் இருக்கை, கார்பெட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வண்டியை ஓட்டி வர வேண்டாம், டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.