எச்81 போர்டில் ஜி3258, 4.2 கிகாஹெர்ட்ஸ்: கடிகாரனுக்கு ஒரு கேள்வி

சாலிடர்மணி:
கையில் காசு குறைவு, பழைய சாமான்களை வைத்து ஓவர்கிளாக் (ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பழக வேண்டும், எந்த ப்ராசஸர் எடுக்கலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நம் கடிகாரன் சொன்ன பதில் இது: "பென்டியம் ஜி3258 எடு, மலிவான எச்81 மதர்போர்டே போதும், பெட்டியோடு வரும் விசிறியிலேயே 4.2 போகும், இசட்97 வாங்குகிறவன் ஏமாளி." ஓவர்கிளாக்குக்கென்றே வந்த அந்த விலை கூடிய இசட்97 போர்டை வாங்கிய ஏமாளிகளில் நானும் ஒருவன், அதனால்தான் கேட்கிறேன். எச்81-இல் 4.2 வைத்து என்ன ஓட்டினீர்கள், ஐயா? பயாஸ் (போர்டின் அமைப்பு மெனு) திரையைப் போட்டோ எடுத்துப் போடுவதெல்லாம் ஓவர்கிளாக் ஆகாது.

கடிகாரன்:
வந்துவிட்டார். இசட்97-க்குக் கொடுத்த காசு இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது போல. இது மந்திரம் இல்லை மணி, பெருக்கல் வாய்ப்பாடு. அந்தச் சிப்பின் மல்டிப்ளையர் (பெருக்கும் எண்) 32, அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், அதனால் 3.2 கிகாஹெர்ட்ஸ். அதை 42 ஆக்கினால் 4.2. பென்டியம் பெயருக்கு 20 வருடம் ஆன கொண்டாட்டம் என்று 2014-இல் இன்டெல்லே மல்டிப்ளையர் பூட்டைத் திறந்து 72 டாலருக்கு விட்டது. இசட் போர்டில்தான் செய்ய வேண்டும் என்று இன்டெல் சொன்னது உண்மை. ஆனால் ஏஎஸ்ராக், எம்எஸ்ஐ எல்லாரும் அந்த வருடமே எச்81, பி85 போர்டுகளுக்கு பயாஸ் அப்டேட் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் முட்டாள்கள், நீங்கள் மட்டும் அறிவாளி?

சாலிடர்மணி:
அப்டேட் வந்தது எனக்கும் தெரியும். நான் கேட்டது, 4.2 நிற்குமா என்று. மலிவான எச்81 போர்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், ப்ராசஸர் பக்கத்தில் அதற்கு மின்சாரம் தரும் மூன்று காயில், அதற்குப் பக்கத்தில் மொட்டையாக நிற்கும் மாஸ்ஃபெட் (மின்சார சுவிட்ச் சிப்), அதன் மேல் ஒரு துண்டு அலுமினியம்கூட இருக்காது. விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

கடிகாரன்:
ஹாஸ்வெல் (ஜி3258 சேர்ந்த இன்டெல் தலைமுறை) பற்றி அடிப்படை தெரியாமல் பேசுவதைத்தான் நான் சொல்கிறேன். அதில் கோருக்கான வோல்டேஜ் ரெகுலேட்டர் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. போர்டு சுமார் 1.8 வோல்ட் கொடுத்தால் போதும், மீதியைச் சிப் பார்த்துக்கொள்ளும். வோல்டேஜ் கூடினால் அதே வாட்டுக்கு ஆம்பியர் குறையும், இது எட்டாம் வகுப்புப் பாடம். அதுவும் இது 53 வாட் சிப், இரண்டே கோர். உங்கள் மூன்று காயில் தாராளமாகப் போதும். எச்81-இல் 4.2 போகும், போகும், போகும்.

ரைசன்வாசி:
இரண்டு கோரை 4.2-இல் ஓட்டினால் என்ன, 5-இல் ஓட்டினால் என்ன? 2014 கடைசியில் ஃபார் க்ரை 4 வந்தபோது இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் இரண்டு வேலை மட்டும்) ஓடும் ப்ராசஸர்களில் கருப்புத் திரைதான் வந்தது. கேட்ட பையனுக்கு ஒழுங்காக வழி சொல்லுங்கள்: ஏஎம்டியின் ரைசன் 3 1200. 2017-இல் 109 டாலர், நான்கு கோர், பூட்டே கிடையாது, பி350 போர்டே போதும். ஏ320 மட்டும் வாங்கிவிடக் கூடாது, அதில் ஓவர்கிளாக் கிடையாது.

கடிகாரன்:
இங்கே ஏஎம்டி விளம்பரம் எதற்கு? பேச்சு எச்81 பற்றி. பழைய எச்81 போர்டும் டிடிஆர்3 ரேமும் சும்மா கிடைக்கிற இடத்தில் போய் ரைசனுக்கு டிடிஆர்4 ரேம் வாங்கச் சொல்கிறீர்களே, பட்ஜெட் என்ற சொல்லையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

புதுவிசை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "நிற்கும்" என்று எல்லாரும் சொல்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஓடினால் நின்றதாகக் கணக்கு? கேம் ஓடினால் போதுமா, ப்ரைம்95 (ப்ராசஸரை முழு மூச்சில் வாட்டும் சோதனை நிரல்) ஓட வேண்டுமா?

சாலிடர்மணி:
கடிகாரன் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டார். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இதே எச்81, ஜி3258 ஜோடிக்கு என்ன ஆனது? புது மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஏற்றும் திருத்த நிரல்) உள்ளே வந்ததும் பூட் ஆகாமல் லோகோவிலேயே உறைந்தது. பயாஸில் போய் ஒரு கோரை அணைத்து, ஒற்றைக் கோரில் விண்டோஸைக் கிளப்பி, சிஸ்டம்32-க்குள் இன்டெல் மைக்ரோகோடு டிஎல்எல் கோப்பைத் தேடி, அனுமதியைப் பிடுங்கி, பெயரை மாற்றி, மறுபடி கோரைத் திறந்து... இதைத்தான் ஓவர்கிளாக் பழக வந்த பையனுக்குச் சிபாரிசு செய்கிறாரா?

கடிகாரன்:
அது விண்டோஸ் பிரச்சினை. பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது இல்லையா? பிறகு 4.2 போனதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பென்டியம்தாத்தா:
நீங்கள் எல்லாரும் மல்டிப்ளையரை மாற்றிவிட்டு வீரம் பேசுகிறீர்கள். 1998-இல் செலரான் 300ஏ. மல்டிப்ளையர் 4.5-இல் பூட்டியது, பஸ்ஸை (அடிப்படைக் கடிகாரத்தை) 66-இலிருந்து 100-க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகும். ஐம்பது சதவீதம்! போர்டில் அந்த வசதி இல்லையென்றால் ப்ராசஸர் இருக்கும் ஸ்லாட் 1 அட்டையில் பி21 என்ற ஒற்றைப் பின்னின் மேல் நகப் பாலிஷைத் தடவி மறைப்போம், போர்டு ஏமாந்து 100-இல் ஓடும். உங்கள் ஜி3258 ஐம்பது சதவீதம் ஏறுமா?

ரைசன்வாசி:
தாத்தா, அதில் எல்2 கேஷ் (ப்ராசஸரின் வேகமான சிறு நினைவகம்) 128 கேபிதானே? பென்டியம் 2-இல் 512.

பென்டியம்தாத்தா:
பென்டியம் 2-இன் 512 பாதி வேகத்தில் ஓடும் தம்பி. செலரானின் 128 சிப்பின் முழு வேகத்தில் ஓடும். அளவை மட்டும் பார்த்தால் இப்படித்தான் கேள்வி வரும். பல கேம்களில் பென்டியம் 2 450-க்குச் சமமாக நின்றது, விலையோ அதில் ஒரு சிறு பங்கு.

ரைசன்வாசி:
128 கேபி 128 கேபிதான்.

கடிகாரன்:
செலரான் கதை வேண்டாம், இங்கே யாரிடமும் ஸ்லாட் 1 போர்டு கிடையாது. மணி, ப்ராசஸர் வேகம் காட்டும் சிபியு-இசட் நிரலின் படம் போட்டிருக்கிறேன், 4200 தெரிகிறதா? ப்ரைம்95 ஓடும்போது எடுத்தது.

சாலிடர்மணி:
தெரிகிறது. டெம்பரேச்சர் காட்டும் ஜன்னலை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டதும் தெரிகிறது. அப்புறம், ஜி3258-இல் ஏவிஎக்ஸ் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) கிடையாது. ஐ5-ஐத் தீயாய்க் காய்ச்சும் அதே ப்ரைம்95 இதில் பாதி பலத்தில்தான் அடிக்கும். அதையும் தாங்குவதை ஒரு சாதனையாகக் காட்டுகிறீர்கள்.

கடிகாரன்:
ஏவிஎக்ஸ் இல்லாத சிப்பை ஏவிஎக்ஸ் இல்லாமல்தானே சோதிக்க முடியும்? உங்களுக்கு என் மேல் கோபம் ப்ராசஸரால் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். நீங்கள் விற்க வந்த ரேம் ஒரு குச்சி செத்தது என்று நான் பொதுவில் சொன்னதிலிருந்தே இப்படித்தான்.

சாலிடர்மணி:
அந்த ரேமை அதன் அளவான 1.5 வோல்ட்டுக்கு மேலே எவ்வளவு ஏற்றி ஓட்டினீர்கள் என்பதையும் பொதுவில் சொல்லலாமே. டெம்பரேச்சர் எங்கே?

கடிகாரன்:
வேண்டுமென்றால் நேரில் வந்து பாருங்கள். எச்81-இல் 4.2.

ரைசன்வாசி:
நேரில் போனால் அந்த மாஸ்ஃபெட் சூட்டில் காபி போட்டுக்கொள்ளலாம், மணி.

பென்டியம்தாத்தா:
128-ஐ மறுபடி படித்துவிட்டு வா தம்பி, பிறகு காபி குடிக்கலாம். முழு வேகம் என்றால் முழு வேகம்.

கடிகாரன்:
டெம்பரேச்சர் படத்தை நாளை போடுகிறேன், ஆனால் மணி ரேம் பணத்தைத் திருப்பித் தந்த பிறகுதான்.

சாலிடர்மணி:
எந்தப் பணம்?