ஏடிஎம் வரிசையில் ஓடிய டிவி

மாணவர்கள் நடத்தும் டிவியில் வேலை செய்தவர்கள், அல்லது போகிற போக்கில் நின்று பார்த்தவர்கள், இங்கே எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2012-ல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கப் போனேன். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர். அறையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் மாணவர் டிவியில் சேர்ந்தேன். நிகழ்ச்சியெல்லாம் இணையத்தில் ஏறும், ஆனால் பார்ப்பது பெரும்பாலும் எடுத்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும்தான். அதனால் மாணவர் சங்கக் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஏடிஎம் பக்கத்தில் ஒரு டிவியை மாட்டி ஓடவிட்டோம். பணம் எடுக்க நிற்பவர் எங்கே போய்விடுவார் என்று கணக்கு.

என்னைத் தூண் பக்கத்தில் நிற்க வைத்து, யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். கையில் ஆறிப்போன டீயோடு நின்றேன். வாடகை வீடுகளில் மாணவர்கள் படும் பாடு பற்றி மூன்று வாரம் அலைந்து எடுத்த படம் ஓடுகிறது. ஒரு ஆள் நிமிர்ந்து பார்க்கவில்லை. போதாததற்குப் பக்கத்து கவுன்டரில் இருந்தவர் சத்தம் தாங்காமல் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நாள் முழுக்கக் கேட்கிறவர் அவர்தானே. அதற்கப்புறம்தான் பேசுவதைத் திரையில் எழுத்தாகப் போட ஆரம்பித்தோம். அதையும் ஸ்டுடியோ மானிட்டரில் பார்த்து அளவு வைத்ததால் வரிசையின் கடைசி ஆளுக்கு எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. கடைசியில் ஒரு வரிக்கு ஐந்து சொல், அவ்வளவுதான் என்று முடிவு செய்தோம்.

மாற்றம் வந்தது வேறு வழியில். நடைபாதையில் போகிறவர்களிடம் மைக்கை நீட்டி, "இந்த வாரம் என்ன சமைத்தாய்?" என்று கேட்ட துண்டு ஒன்றும் திரும்பத் திரும்ப ஓடும் அந்தச் சுற்றில் இருந்தது. அதில் ஆறு விநாடி வந்த ஒரு பெண் தன்னைப் பார்த்துவிட்டாள். உடனே ஃபோன், நாலு தோழிகள் ஓடி வந்தார்கள். சுற்று மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அவள் முகம் மறுபடி வரும்வரை வாடகைப் படத்தைப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை! மறுநாளே அந்தச் சமையல் துண்டை நாலாக வெட்டி, கனமான விஷயங்களுக்கு நடுவே செருகினோம்.

*

தம்பி, எண்பதுகளில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் படித்தவன் நான். அங்கே ஸ்டோயிக் என்று மாணவர் டிவி உண்டு. மதியச் சாப்பாட்டு வேளையில் பொது அறையில் ஓடும். உண்மையைச் சொன்னால் டிவி பார்க்கப் போனதில்லை, உட்கார நாற்காலி தேடிப் போவேன். சாண்ட்விச்சுக்குள் ஊறுகாய் வைத்துத் தின்றுகொண்டே பாதி பார்த்திருக்கிறேன். இதில் மூத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து டிவி, 1964-ல் தொடங்கியது. யார்க்கில் 1967. யூடியூப் வந்தது 2005-ல். அதுவரை கேபிள் இழுத்த இடம்தான் இவர்களுக்கு எல்லை, ஆள் நடமாடும் இடமாகப் பார்த்துப் பெட்டியை வைத்தால்தான் உண்டு.

*

நான் மாணவர் டிவி எதுவும் பார்த்ததில்லை, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. சென்னையில் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. எங்கள் வீட்டுக்கு டிவி வரப் பல வருஷம் ஆனது. பூங்காவில் கூண்டுக்குள் ஒரு பெட்டி இருக்கும், காவல்காரர் சாயங்காலம் சாவி கொண்டு வந்து திறப்பார். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்றால் சைக்கிளில் போகிறவர்கூட ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவார். முழுதாக இறங்கமாட்டார். அந்த ஒற்றைக்கால் ஆட்களைத்தான் நீங்கள் தூண் பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறீர்கள்.

*

ஒற்றைக்கால் ஆட்கள்! சரியாகச் சொன்னீர்கள் அக்கா. இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்த டிவியை இரவில் யாரும் அணைப்பதில்லை. விடியற்காலையில் தரை துடைக்க வரும் அம்மாள் ஒருவர் இருந்தார். ஒருநாள் படத்தொகுப்பு முடித்து ஐந்து மணிக்கு இறங்கி வந்தபோது, துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு என்னை நிறுத்தினார். "மூன்றாவது வீட்டுப் பையனுக்குக் கட்டில் பக்கத்துச் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்திருந்ததே, சரி பண்ணிக் கொடுத்தார்களா?" என்று கேட்டார். எங்கள் படத்தைக் கடைசிவரை பார்த்தவர் அவர்தான், அதுவும் எத்தனை தடவையோ. எனக்குப் பதில் தெரியவில்லை. படம் முடிந்ததும் அந்த வீட்டுப் பக்கம் நாங்கள் யாரும் போகவில்லை.

அந்த வாரமே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனோம். சரி பண்ணவில்லை. பையன் கட்டிலை மட்டும் எதிர்ச் சுவருக்கு நகர்த்தியிருந்தான்.