நவஹோ நிலத்தில் 5 நாள்: வழிகாட்டிக் குழுவா, வாடகைக் காரா?

செம்மண்:
நாலு பேர். இருவர் அறுபதைத் தாண்டியவர்கள், அதில் ஒருவருக்கு முழங்கால் தகராறு. செப்டம்பர் கடைசி வாரம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃப்ளாக்ஸ்டாஃப்பில் தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டும். அன்டலோப் கேன்யன், மான்யுமென்ட் வேலி, கேன்யன் டி ஷே மூன்றும் கட்டாயம். "பாலைப் பள்ளத்தாக்கும் நவஹோ பண்பாடும்" என்று 5 நாள் குழுச் சுற்றுலா விற்கிறார்கள். அதில் சேரலாமா, காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா? இரண்டு பக்கத்து வாதமும் வேண்டும். "செம்ம இடம், விட்டுடாதீங்க" வகையறா வேண்டாம்.

மேசைமலை:
கார்தான். இந்த வழியில் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாத இடம் மூன்றுதான்: அன்டலோப் கேன்யன், கேன்யன் டி ஷேயின் அடித்தளம், மான்யுமென்ட் வேலியில் பொது மண்பாதைக்கு அப்பால் உள்ள உட்பகுதி. மூன்றிலும் நவஹோ வழிகாட்டியைச் சில மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாம். மற்றதெல்லாம் தார்ச்சாலை. ஃப்ளாக்ஸ்டாஃப்பிலிருந்து அன்டலோப்புக்குப் பக்கத்து ஊரான பேஜ் சுமார் 135 மைல், அங்கிருந்து மான்யுமென்ட் வேலி சுமார் 125, அங்கிருந்து கேன்யன் டி ஷேக்குப் பக்கத்து ஊரான சின்லி ஏறக்குறைய 95. தினம் இரண்டு இரண்டரை மணி நேர ஓட்டம். இதற்கு ஒரு பேருந்தும் கையில் கொடி பிடித்த ஆளும் எதற்கு?

ஓடைக்கரை:
மேசைமலை சார், வரைபடத்தில் எல்லாம் சுலபம்தான். மான்யுமென்ட் வேலியின் அந்த 17 மைல் பாதையை யோசியுங்கள். முதல் இறக்கத்திலேயே கல்லும் குழியும், கீழே மணல். மழைக்குப் பிறகு தாழ்வான செடான் அடிதட்டும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்பாதையை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். மணலில் புதைந்தால் இழுவை வண்டிச் செலவு உங்கள் தலையில்.

அடுத்தது கடிகாரம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடு மாற்றுகிறது. அதன் நடுவே தீவு போலக் கிடக்கும் ஹோப்பி பழங்குடியினர் நிலம் மாற்றுவதில்லை. ஆகவே செப்டம்பரில் பேஜில் மணி 9 என்றால் மான்யுமென்ட் வேலியில் 10. அன்டலோப் நவஹோ மண்ணில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே சுற்று நடத்துபவர்கள் பேஜ் நேரப்படிதான் நடத்துகிறார்கள். போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். முன்பதிவு நேரத்தைத் தவறவிட்டவர்களுக்குப் பணம் திரும்பாது. குழுவில் போனால் இந்தத் தலைவலி நடத்துநருக்கு.

மேசைமலை:
கடிகாரம் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. போனில் தானியங்கி நேரத்தை அணைத்து, ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் வைத்துவிட்டால் பேஜ் வரை கவலையில்லை. பேஜை விட்டு மான்யுமென்ட் வேலிப் பக்கம் கிளம்பியதும் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இதற்காக ஒரு சுற்றுலா நிறுவனமா?

மண்பாதையில் சொந்த வண்டியை யார் இறக்கச் சொன்னது? பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்திவிட்டு, நவஹோக்காரர் ஓட்டும் வண்டியில் ஏறுங்கள். இரண்டரை மணி நேரச் சுற்றில் 'காற்றின் காது', 'சூரியனின் கண்' என்ற பாறை வளைவுகள் வரை போவார்கள். தானாக ஓட்டுபவருக்கு அங்கே அனுமதி இல்லை. குழுப் பேருந்தும் அதே நிறுத்துமிடத்தில்தான் நிற்கும், பயணிகளை அதே திறந்த வண்டிக்குத்தான் மாற்றும். நடுவில் இருப்பவருக்கு நீங்கள் கொடுப்பது தரகு. உள்ளூர் ஆளுக்கு நேரடியாகக் கொடுத்தால் முழுசாக அவர் கையில் சேரும். முழங்கால், முதுகு வலிக்காரர்களுக்கு பின்பக்கம் பலகை இருக்கை போட்ட திறந்த லாரி வேண்டாம்; மூடிய ஜீப் கேட்டு வாங்குங்கள். புழுதிக்கு ஒரு துண்டு அவசியம்.

இன்னொன்று: அமெரிக்க தேசியப் பூங்கா ஆண்டு அட்டை மான்யுமென்ட் வேலியிலும் அன்டலோப்பிலும் செல்லாது. அவை பழங்குடிப் பூங்காக்கள்; நுழைவுக் கட்டணம் நவஹோ நாட்டுக்குப் போகிறது.

கானல்:
கார் கட்சிக்கு வலுச் சேர்க்க ஒன்று சொல்கிறேன், இதை யாரும் பேசவில்லை: வெள்ளம்.

அன்டலோப்பில் மேல், கீழ் என்று இரண்டு பகுதி. 12 ஆகஸ்ட் 1997 அன்று கீழ் அன்டலோப்பில் 11 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. பல மைல் மேலே பெய்த மழை அந்த இடுக்கில் சுவராக வந்து இறங்கியது. நவஹோ மணற்கல்லை அப்படி அலை அலையாகச் செதுக்கியதே இந்த வெள்ளம்தான் என்பதை மறக்கக் கூடாது. இப்போது நிலையான இரும்புப் படிகளும் எச்சரிக்கை ஏற்பாடும் உண்டு, வானிலை சந்தேகம் என்றால் மூடிவிடுவார்கள். செப்டம்பர் என்பது அங்கே பருவமழையின் வால். குழுவுக்கு அன்று காலை மூடினால் பேருந்து காத்திருக்காது, அடுத்த ஊருக்குக் கிளம்பும். காரில் போகிறவர் பேஜில் இரண்டு இரவு போட்டு, முதல் நாளுக்கு முன்பதிவு செய்தால் மறுநாள் கையிருப்பு.

முழங்காலுக்கு: மேல் அன்டலோப். உள்ளே மணல் தரை, மேடுபள்ளம் குறைவு. ஆனால் இப்போது ஒருவழிப் பாதை. வெளியேறித் திரும்பி வரும் வழியில் படியும் சரிவும் உண்டு, எவ்வளவு என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கீழ் அன்டலோப் குறுகலான செங்குத்துப் படிகள், மூட்டு வலிக்காரருக்கு ஆகாது. மேலது அடி அகன்று உச்சி குறுகும், அதனால்தான் ஒளிக்கற்றை விழுகிறது. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டி. செப்டம்பர் கடைசியில் பலமாக எதிர்பார்க்காதீர்கள். குழுச் சுற்றுலாக்காரர் "அன்டலோப் கேன்யன்" என்று மட்டும் எழுதியிருந்தால், மேலதா கீழதா என்று எழுத்தில் வாங்குங்கள். பையும் முக்காலியும் இரண்டிலும் கூடாது.

ஓடைக்கரை:
கானல் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நண்பகல் இடங்கள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், நிறுவனங்கள் மொத்தமாக எடுத்து வைத்திருக்கும். சின்லியிலும், மான்யுமென்ட் வேலிக்குப் பக்கத்து ஊரான கயென்டாவிலும் விடுதிகள் விரல்விட்டு எண்ணலாம். இரண்டு மாதம் முன்பு யோசிக்கிற ஆளுக்குக் குழுதான் வழி.

அதோடு, ஓட்டுபவர் சாலையைத்தான் பார்ப்பார். சின்லி போகும் வழியில் ஒரு நல்ல வழிகாட்டி என்ன சொல்வார்? 1864இல் அமெரிக்கப் படைத்தலைவர் கிட் கார்சனின் படை கேன்யன் டி ஷேக்குள் புகுந்தது, பயிரை எரித்தது, அதே ஆண்டு பீச் மரங்களையும் வெட்டிச் சாய்த்தது. பட்டினியில் சரணடைந்த மக்களை நியூ மெக்சிகோவின் பாஸ்க் ரெடோண்டோவுக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். 1 ஜூன் 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் திரும்பினார்கள். இது தெரியாமல் விளிம்பில் நின்று பார்த்தால் அது சிவப்புப் பாறை, அவ்வளவுதான்.

நூலிழை:
அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டியவர் யார்? ஃபீனிக்ஸிலிருந்து வரும் பேருந்து வழிகாட்டியா, கேன்யன் அடியில் தன் குடும்பத்தின் சோளக்கொல்லை இருக்கும் டினே (நவஹோ மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) வழிகாட்டியா? கேன்யன் டி ஷே 1931 முதல் தேசிய நினைவிடம், ஆனால் மண் நவஹோ மக்களுடையது. அதனால்தான் அடியில் இறங்க அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி வேண்டும். அது சுற்றுலா ஏற்பாடு அல்ல, ஒருவர் வீட்டு வாசல் விதி.

குழுவில் சேருவதென்றால் விளம்பரத்தாளின் "பண்பாடு" பகுதியை இப்படிப் படியுங்கள்.

"தீமூட்டி அருகே நரிக் கதைகள்", அதாவது அந்த ஊர்க் கயோட்டி கதைகள், என்று கோடையில் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அவை குளிர்காலத்துக்கு மட்டும் உரியவை. பாம்பும் கரடியும் உறங்கும் காலத்தில்தான் சொல்வார்கள்.

"மணல் ஓவியம் வரைந்து காட்டுவோம்" என்றால் அது விற்பனைக்கு மாற்றி வரைந்தது. சடங்கில் வரைவது சடங்கு முடிந்ததும் அழிக்கப்படும்.

ஹோகன் என்ற நவஹோ மரபு வீட்டுக்குள் அழைத்துப் போனால் வாசல் கிழக்கே பார்த்திருக்கும், உள்ளே வலம் வர வேண்டும். நமக்குப் பழகிய திசைதான், குழப்பம் வராது.

அறிமுகத்தில் டினே ஒருவர் பெயரோடு நிறுத்த மாட்டார். அம்மாவின் குலம், அப்பாவின் குலம், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் குலம், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் குலம், நாலும் வரும். நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்காதீர்கள்.

பாறை இடுக்கில் இருக்கும் பழைய கல்வீடுகள் நவஹோ கட்டியவை அல்ல, பியூப்லோ என்ற வேறு பழங்குடி மக்களின் முன்னோருடையவை. அவர்களை "அனசாசி" என்பதை இன்றைய பியூப்லோ மக்கள் விரும்புவதில்லை. இறந்தவர்களின் இடம் என்று பல நவஹோ வழிகாட்டிகள் அருகே போக மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பக்கத்துல" என்று வற்புறுத்தும் பயணிகள்தான் அங்கே பெரிய தொல்லை.

மேசைமலை:
கேட்டீர்களா ஓடைக்கரை! நூலிழை என் கட்சி.

நூலிழை:
இல்லை சார், உங்கள் கட்சியும் இல்லை. மூன்று இடத்தில் மூன்று மணி நேரம் வீதம் வழிகாட்டியை வாடகைக்கு எடுப்பதும் பண்பாடு ஆகாது. 5 நாளில் நாலு ஊர் என்பதே தப்புக் கணக்கு. சின்லியில் இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் அடித்தளம், மறுநாள் தெற்கு விளிம்புச் சாலை. ஸ்பைடர் ராக் சுமார் 800 அடி உயரத் தூண். நெசவைக் கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் அதன் உச்சியில் வாழ்கிறாள் என்பது டினே மரபு. விளிம்புச் சாலைக்குக் கட்டணமும் இல்லை, வழிகாட்டியும் தேவையில்லை.

அங்கிருந்து தெற்கே கனாடோவில் ஹப்பெல் வணிக நிலையம், 1878இலிருந்து இருப்பது. குழுக்கள் அங்கே நிற்பது பெரும்பாலும் கழிவறைக்கும் கடைக்கும். கம்பள அறையில் ஒரு மணி நேரம் வேண்டும். நவஹோ தறியில் பாவு நூல் ஒரே தொடர் நூல், மேலும் கீழும் வளைந்து திரும்பும். அதனால் கம்பளத்தின் இரு முனையிலும் அறுத்து விட்ட குஞ்சம் இருக்காது. குஞ்சம் தொங்கினால் பெரும்பாலும் மெக்சிகோவில் நெய்த நகல். ஆலையில் நூற்ற நூலில் நெய்த பழைய ஜெர்மன்டவுன் கம்பளங்கள் விதிவிலக்கு. ஓரத்தில் கரையை வெட்டிக்கொண்டு வெளியே ஓடும் ஒற்றை இழை இருந்தால் பிழை என்று பேரம் பேசாதீர்கள். நெய்தவர் தன் மனம் அதற்குள் அடைபடாமலிருக்க வேண்டுமென்றே விட்ட வழி அது. பழங்குடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது 1990 சட்டப்படி குற்றம். நெய்தவர் பெயரும் ஊரும் எழுதிய ரசீது கேளுங்கள்.

செம்மண்:
நன்றி. இரண்டு சந்தேகம். நாலு பேரும் சைவம். அதில் ஒருவர் மாலையில் ஒரு பீர் இல்லாமல் இருக்க மாட்டார்.

ஓடைக்கரை:
பீர் கிடையாது. கேசினோ போன்ற ஓரிரு இடங்கள் தவிர நவஹோ நாட்டில் மது விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் தடை. பேஜ் ஊர் நவஹோ நிலத்துக்கு வெளியே, அங்கே கிடைக்கும். ட்ரோனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நூலிழை:
சைவத்துக்கு: பொரித்த ரொட்டி பார்க்க நம் பட்டூரா போல இருக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பில் பொரித்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள். அதன் வரலாறும் இனிப்பானதல்ல. பாஸ்க் ரெடோண்டோவில் படை கொடுத்த மைதாவிலும் கொழுப்பிலும் பிறந்த உணவு. அந்த ரொட்டி மேல் பீன்ஸும் இறைச்சியும் வைத்துத் தரும் நவஹோ டாக்கோவை இறைச்சி இல்லாமல் கேட்டாலும் பீன்ஸில் இறைச்சி இருக்கக்கூடும். நம்பிக்கையாகச் சாப்பிட நீலச் சோளக் கூழ்; ஜூனிபர் சாம்பல் கலந்து காய்ச்சுவார்கள். ஃப்ளாக்ஸ்டாஃப்பிலேயே மளிகை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்வது உத்தமம். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் கணக்கு.

செம்மண்:
அப்படியானால் கார். பேஜ் 2 இரவு, சின்லி 2 இரவு. மான்யுமென்ட் வேலியைப் போகிற வழியில் மதியம் பார்த்துவிடலாம்.

ஓடைக்கரை:
அந்த மதியம்தான் உங்கள் திட்டத்தின் ஓட்டை. பேஜில் 9க்குக் கிளம்பினால் அங்கே கடிகாரம் 12ஐத் தாண்டும். இரண்டரை மணி நேரச் சுற்று, சாப்பாடு, பிறகு சின்லிக்கு ஏறக்குறைய இரண்டு மணி ஓட்டம். கொஞ்சம் தாமதித்தாலும் இருட்டில் ஓட்ட வேண்டும். அந்தச் சாலையில் குதிரையும் மாடும் வேலியில்லாமல் நிற்கும்.

மேசைமலை:
7க்குக் கிளம்பினால் போச்சு. அதுவும் பேஜ் நேரம் 7.