450 என்றார்கள், உளுந்தூர்பேட்டையில் 18 சதவீதம்

பெருங்களத்தூர்க்காரன்:
போன வாரம் பெருங்களத்தூரிலிருந்து குடும்பத்தோடு திருச்சி போனேன். 40 யூனிட் பேட்டரி வைத்த மின்சாரக் கார். ஒரு முழு சார்ஜில் 450 கி.மீ.க்கு மேல் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். விடிகாலை 5 மணிக்கு முழு சார்ஜோடு கிளம்பி, ஏசி போட்டு, சாலை விட்ட இடத்தில் எல்லாம் 100 கி.மீ. வேகத்தில் போனேன். உளுந்தூர்பேட்டையில் ஓடியிருந்தது 170 கி.மீ., மீட்டரில் மிச்சம் 18 சதவீதம். விக்கிரவாண்டி டோல் தாண்டியதிலிருந்து வீட்டம்மா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். கணக்குப் போட்டால் கடைசிச் சொட்டு வரை ஓட்டினாலும் 207தான். சொன்னதில் பாதிகூட இல்லை. இது ஏமாற்று இல்லையா?

மின்வண்டி மாணிக்கம்:
ஏமாற்றியது கம்பெனி இல்லை சார், உங்கள் வலது கால். 40ல் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் காற்று தடவிக் கொடுக்கும். 100ல் கையையே பின்னால் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. 80லிருந்து 100க்குப் போனாலே காற்றுக்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் கப்பம் கட்டுகிறீர்கள். என் வண்டியும் ஏறக்குறைய இதே பேட்டரிதான். 80ல் நூறு கி.மீ.க்கு 14.5 யூனிட் எடுக்கும், 100ல் 18.5.

டீசல் தாத்தா:
80ல் ஊர்வதற்கு நான் ஏன் வழிநெடுக டோல் கட்ட வேண்டும்? என் பழைய டீசல் வண்டி ஊருக்குள் 13 கொடுக்கும், ஹைவேயில் 18. எந்த வண்டிக்கும் மைலேஜ் கூடுகிற இடத்தில் உங்கள் வண்டிக்கு மட்டும் குறைகிறது.

மின்வண்டி மாணிக்கம்:
உங்கள் இன்ஜின் ஊருக்குள் அவ்வளவு வீணடிக்கிறது ஐயா, அதனால்தான் ஹைவேயில் நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. சிக்னலில் நின்றாலும் குடிக்கும், பிரேக் போட்டால் அத்தனையும் சூடாகிப் போகும். நம்முடையது நின்றால் மோட்டார் ஒன்றும் எடுக்காது, வேகம் குறைத்தால் ரீஜெனில், அதாவது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பி வரும். ஹைவேயில் பிரேக்குக்கே வேலை இல்லை, பிறகு திரும்பி வர என்ன இருக்கிறது? இன்னொன்று, ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 40 யூனிட் பேட்டரி என்பது நாலரை லிட்டர் டேங்க். அதில் 207 கி.மீ. போகலாம் என்றால் அது குறையா?

டீசல் தாத்தா:
நாலரை லிட்டர் டேங்க் வைத்த காரை எடுத்துக்கொண்டு யாராவது திருச்சிக்குக் கிளம்புவார்களா தம்பி?

கோவை வாசகி:
தாத்தாவுக்கு ஒரு மார்க். ஆனால் மாணிக்கம், கம்பெனியை அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதீர்கள். வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று சான்று தரும் நம் ஊர் எம்ஐடிசி சோதனையை உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டிச் செய்கிறார்கள். அதில் வேகம் 90ஐத் தாண்டாது. ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை 131 வரை போகிறது. டாடாவின் 45 யூனிட் நெக்ஸான் மின்சாரக் காருக்கு 489 கி.மீ. என்று சான்று இருக்க, அதே கம்பெனி சி75 என்று பெயர் வைத்து, வாடிக்கையாளர்களில் 75 சதவீதம் பேருக்கு 350 முதல் 370 வரை கிடைக்கும் என்கிறது. எது நடக்கும் என்று அவர்களுக்கே தெரியும். எந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கணக்குப்பிள்ளை:
மாணிக்கம் சொன்ன எண்களையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். பெருங்களத்தூர்-திருச்சி 300 கி.மீ. 100ல் 3 மணி நேரம், 55.5 யூனிட். 80ல் 3 மணி 45 நிமிடம், 43.5 யூனிட். 15 சதவீதம் மிச்சம் வைத்தால் கையில் 34. நடுவில் ஏற்ற வேண்டியது 21.5 அல்லது 9.5. 30 கிலோவாட் சார்ஜரில் அது 43 நிமிடம் அல்லது 19. ஆகமொத்தம் 100ல் போனவர் 3.43ல் திருச்சி, 80ல் போனவர் 4.04. வேகமாகப் போனவர்தான் 21 நிமிடம் முன்னால்! கூடுதல் 12 யூனிட், யூனிட் 20 ரூபாய் என்றாலும் 240 ரூபாய். மெதுவாகப் போனால் பணம் மிச்சம், நேரம் மிச்சமில்லை.

மின்வண்டி மாணிக்கம்:
கணக்கு சரி. சார்ஜர் காலியாக இருந்தால். பெரம்பலூர் பக்கம் ஓரிடத்தில் எனக்கு நடந்தது: இரண்டு கன், அதாவது வண்டியில் செருகும் சார்ஜர் முனை. ஒன்றில் திரை இருட்டு. இன்னொன்றில் ஒரு வண்டி 91 சதவீதத்தில் நிற்கிறது, சொந்தக்காரர் பக்கத்து ஓட்டலில் இரண்டாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருக்கிறார். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் நத்தை மாதிரிதான் ஏறும். 40 நிமிடம் நின்றேன். 9.5 யூனிட் போதும் என்று வருகிறவனுக்கு இந்தக் கன் இல்லாவிட்டால் அடுத்தது வரை போகத் தெம்பு இருக்கும். 21.5 வேண்டும் என்று 15 சதவீதத்தில் வந்து நிற்பவர் என்ன செய்வார்?

பெருங்களத்தூர்க்காரன்:
சரி, திரும்பி வந்ததையும் சொல்கிறேன். 90ல் வந்தேன், ஏசி அதே 24. திருச்சியிலிருந்து விழுப்புரம் வரை 165 கி.மீ., மிச்சம் 31 சதவீதம். நூறு கி.மீ.க்கு 16.7. போகும்போது 19க்கு மேல். காலைக் கொஞ்சம் தூக்கியதற்கு இவ்வளவு வித்தியாசம் என்றால் மாணிக்கம் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

கோவை வாசகி:
அவசரப்படாதீர்கள் சார். ஆடி மாதம் இது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், உங்கள் கார் எம்மாத்திரம்? சென்னையிலிருந்து திருச்சி தென்மேற்கே. இப்போது காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. 20 கி.மீ. எதிர்காற்றில் 100ல் போனால் வண்டிக்கு அது 120. வரும்போது அதே காற்று முதுகில். 90 எவ்வளவு, காற்று எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

மின்வண்டி மாணிக்கம்:
அப்படியானாலும் காற்றுதானே எதிரி? நான் முதலில் சொன்னதும் அதுதான்.

பெருங்களத்தூர்க்காரன்:
கார்த்திகையில் இன்னொரு தடவை போகிறேன். இரண்டு வழியும் 90ல் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

டீசல் தாத்தா:
கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து. இந்தத் தடவை வரும்போதுதான் வீட்டம்மா மீட்டரைப் பார்ப்பார்.